துப்பறியும் கதை சின்ன ஊரில் நடந்தால் வருகிற ருசி

திருமங்கலத்துக்காரி (சனி இரவு 9.10)

பல நாளாக மனசில் கிடக்கிற விஷயம், இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எனக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர், ஆனால் எல்லாத் துப்பறியும் கதையும் இல்லை. விமானத்தில் பறந்து போய் வைரத்தை மீட்கிற கதை, நடுராத்திரி கார் துரத்துகிற கதை, லேபில் உட்கார்ந்து ரத்தத்துளியைப் பார்க்கிற கதை எல்லாம் கையில் கிடைத்தால் படிப்பேன், படித்து முடித்தால் முடிந்தது. நாலு தெரு, ஒரு கோயில், ஒரு டீக்கடை, எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும் என்கிற ஒரு சின்ன ஊரில் ஒரு தப்பு நடந்து, அந்த ஊர் ஆளே ஒருவர், பேச்சில் குறும்பு உள்ள ஒருவர், அதைக் கண்டுபிடிக்கிற கதை இருக்கிறதே, அதைத்தான் மூன்றாம் தடவையும் எடுத்துப் படிக்கிறேன். குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகும் படிக்கிறேன். அது ஏன் என்று யோசித்ததில் எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

நல்ல சின்ன ஊர்க் கதையில் சிரிப்பு வருகிற வரியும் துப்பு இருக்கிற வரியும் ஒன்றேதான். சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம், சிரித்ததனாலேயே துப்பைக் கோட்டை விடுகிறோம். ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை, நம் கையில்தான் கொடுத்தார்.

நானே யோசித்து வைத்திருக்கிற ஒன்றைச் சொல்கிறேன், அப்போதுதான் புரியும். திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம், காலை ஏழரை மணி முகூர்த்தம். பந்திக்குக் காத்திருக்கிற இரண்டு பெரியம்மாக்கள் பேசிக்கொள்கிறார்கள். "பாத்தியா அவளை, சொந்தக் கொழுந்தன் மக கல்யாணத்துக்கு நேத்து வாங்கின பூவை வச்சிக்கிட்டு வந்திருக்கா. கழுத்துல பத்துப் பவுன் கெடக்கு, தலைக்கு ரெண்டு முழம் புதுசா வாங்க மனசு வரல." படிக்கிறவர் எல்லாருக்கும் சிரிப்பு வரும், எல்லார் குடும்பத்திலும் இப்படி ஒரு பெரியம்மா உண்டு. இப்போது அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். மதுரை மல்லியை விடிகிற நேரத்தில் அரும்பாகப் பறிக்கிறார்கள். காலையில் வாங்கி வைத்தால் தலையில் அரும்பாகத்தான் இருக்கும், பொழுது சாயும்போதுதான் விரியும். காலை ஏழரைக்கு ஒருத்தி தலையில் விரிந்து வாடின பூ இருந்தால் அது முந்தின நாள் சாயங்காலம் விரிந்த பூ. அதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் ராத்திரி வீட்டுக்கே போகவில்லை, தலையை அவிழ்த்துச் சீவவில்லை. அப்படியென்றால் எங்கே இருந்தாள்? கதை அங்கே தொடங்குகிறது.

இந்த மாதிரிக் கதை நம்மிடம் ஏன் இவ்வளவு குறைவு? நம் பேர்பெற்ற துப்பறிவாளர்கள் எல்லாம் பட்டணத்து ஆட்கள். 1940களில் ஆனந்த விகடனில் வந்த தேவனின் துப்பறியும் சாம்பு எனக்கு ரொம்பப் பிரியம், சிரித்துச் சிரித்துப் படித்தவள் நான், ஆனால் அங்கே சாம்புவுக்கு அதிர்ஷ்டம்தான் துப்புக் கொடுக்கிறது, நாம் கூடவே யோசிக்க இடம் கிடையாது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள், சென்னை. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ உட்கார்ந்து துப்பறிகிற ஆள் யாராவது உண்டா? படித்திருந்தால் சொல்லுங்கள்.

கொடிக்கால் (சனி இரவு 9.52)

அக்கா, பூ விஷயம் அருமை. நான் சோழவந்தான்.

நீங்கள் சொல்வதற்குப் பெரிய முன்னோடி அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள்தான். முதல் சிறுகதை 1927இல், முதல் நாவல் 1930இல், மொத்தம் 12 நாவல். செயின்ட் மேரி மீட் என்று ஒரு கற்பனைக் கிராமம், அங்கே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு வயசான அம்மா. அவர் வழி ரொம்ப எளிமை. புதுசாக ஒரு ஆளைப் பார்த்தால் நம்ம ஊரில் இன்னார் மாதிரி இருக்கிறாரே என்று நினைப்பார். அந்த இன்னார் முன்னே என்ன திருட்டுத்தனம் பண்ணினாரோ அதையே இவரும் பண்ணியிருப்பார் என்று அங்கிருந்து பிடிப்பார்.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வரும். எதிர்வீட்டில் பால் அரை லிட்டர் கூடினால் மகன் பம்பாயிலிருந்து வந்துவிட்டான் என்று சொல்லிவிடும். மூன்று நாள் கழித்தும் கூடுதல் பால் நிற்கவில்லை என்றால், "லீவுக்கு வரல, வேலையை விட்டுட்டு வந்திருக்கான், அந்த வண்டிக்காரர் மகனும் இப்படித்தான் வந்தான்" என்று சொல்லும். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திண்ணையை விட்டு எழுந்தது கிடையாது.

தமிழில் கிராமத்தில் நடக்கிற நல்ல மர்மக்கதை இல்லை என்று சொல்ல முடியாது அக்கா. சுஜாதாவின் கரையெல்லாம் செண்பகப்பூ இருக்கிறதே.

திருமங்கலத்துக்காரி (சனி இரவு 10.05)

அது எனக்கும் பிடிக்கும் தம்பி. ஆனால் அதில் வருகிறவர் நாட்டுப்பாடல் ஆராய்ச்சிக்காக வெளியிலிருந்து கிராமத்துக்கு வருகிறவர். ஊரை வியந்து பார்க்கிற கண் அது. நான் கேட்பது உங்கள் அப்பத்தாவின் கண். பால் அரை லிட்டர் கூடியது என்று தெரிய வேண்டுமென்றால் வழக்கமாக எவ்வளவு வாங்குவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு எல்லாமே புதுசு, அதனால் எது மாறியிருக்கிறது என்று பிடிபடாது.

நார்ச்சரம் (ஞாயிறு காலை 5.20)

மாட்டுத்தாவணியில் பூ யாவாரம், இருபது வருஷம் ஆகிறது. இப்போதுதான் முதல் லோடு இறங்கியது, அதற்குள் இதைப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி, ஆனால் கதையில் எழுதினால் பூக்கடைக்காரன் எவனாவது படித்துவிட்டுச் சண்டைக்கு வருவான், அதனால் சொல்கிறேன்.

ஒன்று, அரும்பை ஐஸ் வைத்துப் பெட்டியில் அடைத்தால் விரியாமல் பிடித்து வைக்கலாம், வெளிநாட்டுக்குப் போகிற பூவெல்லாம் அப்படித்தான் போகிறது. வீட்டில் ஈரத்துணியில் சுற்றி பிரிட்ஜில் வைக்கிறவர்களும் உண்டு. அதனால் காலையில் அரும்பாக இருக்கிற பூவைப் பார்த்து இன்றைய பூ என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கதையில் இருப்பது விரிந்து வாடின பூ, அது பின்னால் போகாது. விரிந்ததை யாரும் மறுபடி அரும்பாக்க முடியாது. அதனால் உங்கள் துப்பு நிற்கும்.

இரண்டாவதுதான் பெரிசு. கல்யாணம் எந்த மாசம்? தை மாசக் கல்யாணம் என்றால் பனி, மல்லி வரத்தே இருக்காது, கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்போது பெரும்பாலான பேர் வேறு பூவைக் கலந்து வைப்பார்கள், அல்லது கனகாம்பரம். அந்த நேரத்தில் ஒருத்தி தலை நிறைய மல்லி வைத்திருந்தால் அதுவே ஒரு கேள்வி, யார் வாங்கிக் கொடுத்தது என்று. வைகாசி என்றால் பூ மலிவு, எல்லார் தலையிலும் இருக்கும்.

இன்னொன்று, கட்டு. வாழைநாரில் கட்டின சரமா, நூலில் கட்டின சரமா, நெருக்கிக் கட்டியதா, இடைவெளி விட்டுக் கட்டியதா என்று பார்த்தால் எந்தப் பக்கத்துக் கை என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். எங்கள் வரிசையில் கட்டுகிற ஒரு அம்மா, ரோட்டில் போகிற பெண்ணின் தலையைப் பார்த்தே "அது என் சரம்" என்று சொல்லும். அந்த அம்மாவையே துப்பறிவாளராகப் போடுங்கள். எல்லாப் பெண்களின் பின்தலையையும் தினமும் பார்க்கிற ஆள் ஊரில் வேறு யார்?

யானைமலை (ஞாயிறு காலை 10.40)

எல்லாரும் ரசித்துப் பேசுகிறீர்கள், நான் ஒரு மாற்றுக் கருத்து வைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கதைகள் இங்கிலாந்துக் கிராமத்தில் நடக்கும்போது எனக்கும் சுகமாக இருக்கிறது. ஏனென்றால் அது என் ஊர் இல்லை. அங்கே செத்துக் கிடக்கிறவர் ஒரு புதிருக்குத் தேவைப்படுகிற ஆள், அவ்வளவுதான். நம் பக்கத்தில் கொலை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். வரப்புத் தகராறு, சாதி, காதல் பண்ணிய பிள்ளைகளை வீட்டாரே கொன்றது. இதில் யாரைத் துப்பறிவது? கொன்றது யார் என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை, அதுதான் நம் சின்ன ஊரின் பிரச்சினை. நீங்கள் சொல்கிற எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும் என்பது துப்பறிவாளருக்கு உதவுவதைவிடக் குற்றவாளிக்குத்தான் அதிகம் உதவுகிறது. அந்த இடத்தில் பெரியம்மா ஜோக்கை வைத்தால் எனக்குச் சிரிப்பு வராது.

மதுரையின் முதல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன், பழி கோவலன் மேல். அரசன் விசாரிக்கவே இல்லை, கொன்று வரச் சொல்லிவிட்டான். உடைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷம், கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல், அரசி சிலம்பில் முத்துப் பரல். சாட்சி உள்ளேயேதான் இருந்தது. ஆனால் அதை உடைத்தது ஆள் செத்த பிறகு. நம் ஊர்க் கதை இப்படித்தான் இருக்கிறது, இதில் வேடிக்கைக்கு எங்கே இடம்?

திருமங்கலத்துக்காரி (ஞாயிறு காலை 11.15)

இதற்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. யோசிக்கிறேன். சிலம்பை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

டீச்சர், வாடிப்பட்டிப் பக்கம் (ஞாயிறு மதியம் 2.30)

யானைமலை சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. செத்தவர் வீட்டு வாசலில் கதை சிரிப்பை நிறுத்திவிட வேண்டும், அந்த அம்மாவின் அழுகை ஒரு பக்கமாவது வர வேண்டும். அது இல்லாத கதையை நானும் மூடி வைத்துவிடுவேன்.

ஆனால் துப்பறியும் கதைக்குக் கொலை வேண்டும் என்று யார் சொன்னது? போட்ஸ்வானா நாட்டை வைத்து அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் 1998இலிருந்து எழுதி வருகிற வரிசை ஒன்று இருக்கிறது, ரமோட்ஸ்வே என்று ஒரு பெண் துப்பறிவாளர். காணாமல் போன பையன், வீட்டுக்கு வராத புருஷன், உண்மையான அப்பாவா இவர், இப்படித்தான் பெரும்பாலான வழக்குகள். சிரிப்பும் இருக்கிறது, மனசும் கனக்கிறது.

நம் பாட்டிகள் சொன்ன கதைகளும் அப்படித்தானே? தொலைந்த ஒட்டகத்தைப் பார்க்காமலே அதற்கு ஒரு கால் நொண்டி, ஒரு கண் இல்லை, வால் குட்டை, வயிற்றில் வலி என்று நாலு பேர் சொன்ன கதையை நான் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வேன். ஒரு பக்கத்து இலைகளை மட்டும்தான் மேய்ந்திருக்கிறது, அதனால் ஒரு கண் குருடு என்கிற இடம் வரும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இப்போது நான் ஒரு துப்புச் சொல்கிறேன், இது தமிழ் மாதிரி மொழியில்தான் வேலை செய்யும். ஒரு பெரிய வீடு, சொத்து இருக்கிறது. மூத்த மகன் சின்ன வயசில் குடும்பத்தோடு வெளியூர் போனவர், அங்கேயே இறந்துபோனார். நாற்பது வருஷம் கழித்து அவருடைய மகன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. நடுவீட்டில் மாட்டியிருக்கிற கிழவியின் படத்தைப் பார்த்து, "அம்மாச்சி, உன் மடியில படுத்த நாளை மறக்கலையே" என்று ஓவென்று அழுகிறார். வீடே சேர்ந்து அழுகிறது. ஆறு வயசுப் பிள்ளை ஒன்று மட்டும் களுக் என்று சிரித்துவிடுகிறது, அதை அதட்டி வெளியே துரத்துகிறார்கள். படிக்கிற நாமும் அந்தப் பிள்ளையின் அசட்டுச் சிரிப்பை ரசித்துவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பிள்ளைக்கு ஏன் சிரிப்பு வந்தது? படத்தில் இருப்பது அப்பாவைப் பெற்றவர். மூத்த மகனின் மகன் என்றால் வாயில் அப்பத்தா என்றுதான் வந்திருக்கும். அம்மாச்சி என்று வந்தால் அது அம்மாவைப் பெற்றவர். வந்தவர் அந்த வீட்டு மகள் வழிப் பேரன், தன்னை மகன் வழிப் பேரன் என்று சொல்லிக்கொள்கிறார். அழுகை உண்மை, மடியில் படுத்ததும் உண்மை, ஆள்தான் வேறு.

இதை ஆங்கிலத்தில் எழுதவே முடியாது, அங்கே இரண்டு கிழவிக்கும் ஒரே சொல். நம்மிடம் இவ்வளவு நுட்பமான உறவுச் சொற்கள் இருக்கும்போது, அதை வைத்து யாரும் பெரிசாக விளையாடவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கொடிக்கால் (ஞாயிறு மதியம் 2.48)

டீச்சர்!! இதைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். நீங்கள் முதலிலேயே அம்மாச்சி என்று எழுதிவிட்டீர்கள், நான் தாண்டிப் போய்விட்டேன்.

பழைய தபால் ஆபீஸ் (ஞாயிறு இரவு 8.15)

ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு சின்ன அஞ்சலகத்தில் வெகு காலம் இருந்தேன். டீச்சரம்மா கொலை வேண்டாம் என்றார்கள், அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். சின்ன ஊருக்கே உரிய குற்றம் ஒன்று உண்டு, மொட்டைக் கடுதாசி. மிஸ் மார்ப்பிள் நாவல்களிலும் 1942இல் வந்த ஒன்று முழுக்க முழுக்க மொட்டைக் கடுதாசியை வைத்துத்தான். பட்டணத்தில் மொட்டைக் கடுதாசி போட்டால் குப்பைக்குப் போகும். நம் ஊரில் ஒரு பெண்ணின் கல்யாணமே நிற்கும்.

என் காலத்தில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்து வந்து நின்றுபோனது. மூன்று வரன், மூன்று வீட்டுக்கும் கடுதாசி. தபாலைப் பிரித்துப் பார்ப்பது பாவம் மட்டுமில்லை, குற்றம், நான் ஒருநாளும் செய்ததில்லை. ஆனால் கடிதம் வந்த வீட்டார் அவர்களாகவே எடுத்துவந்து, "சார், இது யாரு கையெழுத்துன்னு தெரியுதா" என்று கேட்டார்கள். கையெழுத்து தெரியவில்லை, இடது கையால் எழுதியதுபோல் கோணல்மாணல். முத்திரை மதுரை, அதிலும் ஒன்றும் தெரியாது, யாரும் மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ப் போடலாம். நான் பார்த்தது விலாசத்தைத்தான். ஊர் சரி, தாலுகா சரி, பின்கோடுகூடச் சரி. மாவட்டம் மட்டும் மதுரை மாவட்டம் என்று இருந்தது. மூன்று உறையிலும் அப்படியே.

எங்கள் பகுதி 1996இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி மாவட்டமாகிவிட்டது. அதற்கு முன்பே 1985இல் திண்டுக்கல் பிரிந்தது. மாவட்டம் பிரிந்த புதிதில் எல்லாரும் பழையபடிதான் எழுதினார்கள், ஆனால் கடுதாசி வந்தது பத்து வருஷம் கழித்து. அந்த நேரத்தில் ஊரிலேயே இருக்கிற ஆள், ரேஷன் கார்டிலிருந்து பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் வரை தேனி என்று பார்த்துப் பழகின ஆள், மதுரை மாவட்டம் என்று எழுத மாட்டார். பிரிவதற்கு முன்பே ஊரை விட்டுப் போய், மனசில் அந்தப் பழைய விலாசத்தோடேயே இருக்கிற ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. பெண்ணின் அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டேன், "உங்க சொந்தத்துல பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெளியூர் போனவங்க யாரு?" என்று. அவர் கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் "எங்க அக்கா" என்றார். அக்காவுக்கு ஒரு மகன், முறை மாப்பிள்ளை. பெண்ணை அவனுக்குக் கேட்டு இவர்கள் கொடுக்கவில்லை.

போலீசுக்கும் போகவில்லை, பஞ்சாயத்தும் கூட்டவில்லை. நாலாவது வரன் அமைந்தபோது அந்த அப்பா நேராக அக்கா வீட்டுக்குப் போய், முதல் பத்திரிகையை அவர் கையில் கொடுத்து, "நீ வந்துதான் நடத்திக் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். கடுதாசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா வந்தார். அந்தக் கல்யாணத்தில் அதிகமான மொய் அவருடையதுதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் மொய் எழுதினதே நான்தான்.

யானைமலை தம்பி, சின்ன ஊரில் கண்டுபிடித்த பிறகும் அதே மனிதரோடு பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போகிற துப்பறிவாளருக்கு அந்தச் சங்கடம் கிடையாது. இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்ததே அந்தச் சங்கடம்தான்.

யானைமலை (ஞாயிறு இரவு 9.30)

ஐயா, நீங்கள் சொன்னதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முதல் பத்திரிகையை அக்கா கையில் கொடுத்த இடத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

என் கருத்தை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கதையைத்தான் நீங்கள் எல்லாரும் கேட்கிறீர்கள் என்றால் எனக்கும் அது வேண்டும்.

நீதிமன்றக் குமாஸ்தா (திங்கள் காலை 7.05)

கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரம், சுருக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியுமா தெரியவில்லை. வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன், 2004இல் மதுரைக் கிளை திறந்த நாளிலிருந்து உயர் நீதிமன்றக் கட்டுகளும் கை வழியாகப் போகின்றன.

துப்பறியும் கதையில் கடைசியில் எல்லாரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, பேசிப் பேசி ஒருவர் வாயால் ஒப்புக்கொள்ள வைப்பார்களே, அதைப் படிக்கிற எங்கள் ஆட்கள் இது கோர்ட்டில் நிற்காது என்று சிரிப்பார்கள். கவனித்துப் பார்த்தால், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்தான் செல்லாது. 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தில் 25வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்தில் 23. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தது என்றால் அந்தப் பகுதி மட்டும் எடுபடும். ஆனால் போலீஸ் அல்லாத ஒருவரிடம் தானாக மனம் விட்டுச் சொன்னால் அது சாட்சியமாகலாம், பலவீனமான சாட்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்து வழக்குக் கட்டுகளில் அந்த ஒருவர் பல நேரம் யார் தெரியுமா? வி.ஏ.ஓ. இன்ன தேதியில் இன்ன கிராம நிர்வாக அலுவலர் முன் ஆஜராகி ஒப்புக்கொண்டார் என்று வரும். அதற்கு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்வி, முன்பின் பழக்கமில்லாத வி.ஏ.ஓ.விடம் போய் ஒருவன் ஏன் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. நீதிமன்றங்களும் அதைக் கேட்டிருக்கின்றன.

இதைத்தான் கதைக்காரர்கள் பிடிக்க வேண்டும். யாரிடம் போய் ஒருவன் மனம் விட்டுச் சொல்லுவான்? பழகின ஆளிடம். தபால் ஆபீஸ் ஐயாவிடம் அந்தப் பெண்ணின் அப்பா சொன்ன மாதிரி. ஆக சின்ன ஊர்த் துப்பறிவாளர் சொந்த ஊர்க்காரராக இருப்பதில் கதைக்கு ருசி, வழக்குக்கும் பலம்.

என் தேர்வு ஒரு ஜோடி. 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்த பிறகு வி.ஏ.ஓ. பரீட்சை எழுதி வருகிறவர், பெரும்பாலும் வேறு ஊர். ஆனால் தலையாரி உள்ளூர். இப்போது கிராம உதவியாளர் என்று பெயர், வாயில் தலையாரிதான். வேறு ஜில்லாவிலிருந்து புதிதாக வந்த ஒரு இளம் பெண் வி.ஏ.ஓ., ஐம்பத்தைந்து வயசுத் தலையாரி. அந்தப் பெண்ணுக்குப் பதிவேடு தெரியும், அவருக்கு ஆள் தெரியும். இரண்டு பேரும் டூவீலரில் போகும்போது பேசிக்கொள்கிற பேச்சிலேயே பாதிக் கதை ஓடும்.

துப்பும் ஒன்று தருகிறேன். சாட்சி சொல்கிறான், என் வரப்பில் நின்றபடியே அந்தப் பக்கத்துக் கிணற்று மேட்டில் அவனைப் பார்த்தேன் என்று. எல்லாரும் நம்புகிறார்கள். வி.ஏ.ஓ. அடங்கலை எடுத்துப் பார்க்கிறாள். எந்தச் சர்வே நம்பரில் எந்தப் பயிர் நின்றது என்று பசலி வாரியாக, அதாவது வருவாய்த் துறைக் கணக்கு வருஷப்படி, எழுதி வைக்கிற பதிவேடு அது. நடுவில் இருக்கிற நம்பரில் அந்தச் சமயம் கரும்பு. ஆளுயரத்துக்கு மேலே நிற்கிற கரும்பைத் தாண்டி எவன் எதைப் பார்த்தான்? இப்போது அறுவடை முடிந்து வெட்ட வெளியாகக் கிடப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதைச் சிரிப்போடு எப்படி முன்னாலேயே வைப்பது என்று அக்காதான் சொல்ல வேண்டும்.

திருமங்கலத்துக்காரி (திங்கள் காலை 7.40)

வைக்கலாம் சார். மூன்றாம் அத்தியாயத்திலேயே தலையாரி புலம்புகிறார். "அந்தப் பய கரும்பு போட்டான், போகவர பிள்ளைக ஒடிச்சு ஒடிச்சு பாதிக் காட்டைத் தின்னுபுட்டாங்க, ஆலைக்குப் போனதைவிட ஊர் வயித்துக்குள்ள போனதுதான் ஜாஸ்தி." அவ்வளவுதான், யாரும் கரும்பின் உயரத்தை நினைக்க மாட்டார்கள்.

நார்ச்சரம் (திங்கள் காலை 8.02)

அக்கா நீங்களே எழுதுங்கள். கேட்டுக்கொண்டே இருப்பதில் பிரயோசனம் இல்லை.

கொடிக்கால் (திங்கள் இரவு 8.50)

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். தபால் ஐயா மொய் என்று சொன்னதிலிருந்து ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அக்காவுக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறேன். காதுகுத்து விழா, ஐநூறு அறுநூறு பேர். சம்பவம் நடந்த நேரத்தில் நான் மண்டபத்தில் இருந்தேன், மொய் நோட்டில் என் பெயர் இருக்கிறது, நடுப் பக்கத்தில் இருக்கிறது, எனக்கு முன்னும் பின்னும் யார் யார் என்று பாருங்கள் என்கிறான் ஒருவன். அசைக்க முடியாத சாட்சி. ஆனால் மொய் எழுதுகிறவர் ஆளைப் பார்த்தா எழுதுகிறார்? ஊர்ப் பெயரைச் சொல்லி, ஆள் பெயரைச் சொல்லி, பணத்தை நீட்டினால் எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். வர முடியாதவர் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்புவது தினமும் நடப்பது. நோட்டில் பெயர் வந்தது என்பதற்கு ஆள் வந்தான் என்று அர்த்தமில்லை, பணம் வந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

பழைய தபால் ஆபீஸ் (திங்கள் இரவு 9.20)

உண்மை. நான் நிமிர்ந்தே பார்க்க மாட்டேன், நிமிர்ந்தால் வரிசை நின்றுவிடும்.

டீச்சர், வாடிப்பட்டிப் பக்கம் (திங்கள் இரவு 9.45)

ஆனால் அது ரொம்பத் தெரிந்த வழக்கம், நம் வாசகர் முதல் அத்தியாயத்திலேயே யாரோ கொடுத்துவிட்டிருப்பார்கள் என்று சொல்லிவிடுவார். இன்னொரு திருப்பம் வேண்டும்.

திருமங்கலத்துக்காரி (செவ்வாய் இரவு 10.30)

நேற்று எல்லாரும் சொன்னதிலிருந்து தூக்கமில்லை. பரணிலிருந்து அம்மா அப்பா கல்யாண மொய் நோட்டை இறக்கிப் பார்த்தேன். அட்டை பிய்ந்திருக்கிறது, மஞ்சள் தடவினது மட்டும் இன்னும் தெரிகிறது. மொய் எப்படி எழுதியிருக்கிறார்கள், ஊர் முன்னால் வருகிறதா பெயர் முன்னால் வருகிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு பெயர், கள்ளிக்குடிப் பக்கத்து ஊர், 21 ரூபாய். பதினான்காம் பக்கத்தில் அதே ஊர், அதே பெயர், 11 ரூபாய். ஒரு ஆள் ஏன் இரண்டு தடவை மொய் வைக்கிறார்? கொடுத்துவிட்ட பணம் ஒன்று, பிறகு அவரே நேரில் வந்து வைத்தது ஒன்று என்று நினைத்தேன். அப்படியென்றால் இரண்டாவது தொகை ஏன் குறைகிறது?

அம்மாவிடம் கேட்டேன். கையிலிருந்த கீரையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ரெண்டு பேருடி அது. பெரியப்பன் மகன் ஒருத்தன், சித்தப்பன் மகன் ஒருத்தன். ரெண்டு வீட்டுலயும் தாத்தா பேரை வச்சாங்க. இனிஷியலைச் சொல்லாம நீட்டிருப்பானுக, எழுதுனவரு என்ன பண்ணுவாரு. அந்தச் சின்னவனுக்கு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பிடிக்காது, பெரியவன் பண்ற வம்பெல்லாம் தன் தலையில விழுதுன்னு" என்றார்.

டீச்சர், திருப்பம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரே தாத்தா பெயர், ஒரே ஊர், நோட்டில் ஒரே ஒரு வரி. அந்த வரி எந்தப் பேரனுடையது? இரண்டு பேரும் தன்னுடையது என்கிறார்கள், ஆளுக்கு ஒரு காரணம்.

நார்ச்சரம் தம்பி, ஒரு சந்தேகம். காதுகுத்து விழாவை வைகாசியில் வைக்கப் போகிறேன். மண்டபத்துக்குப் பூ இறக்குகிற ஆள் விடிகாலை எத்தனை மணிக்கு வருவார், கணக்கைத் தீர்த்துப் பணம் வாங்க மறுபடி எப்போது வருவார்? மொய் மேசைக்கு எதிரில் அவர் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.